விஞ்ஞானியைப் பேட்டி எடுக்கப் போறீங்களா? அந்த முதல் கேள்வியை அடிச்சிருங்க

அக்கான்னு கூப்பிட்டு எழுதியிருக்கீங்க, அதனால நானும் தம்பின்னே ஆரம்பிக்கறேன். லெட்டர் கொஞ்சம் நீளம், படிக்கற மத்தவங்களுக்காக சுருக்கிச் சொல்லிடறேன். தம்பி காலேஜ் மேகசின்ல எழுதறாரு. செல் பயாலஜியில சொந்தமா லேப் நடத்துற ஒரு விஞ்ஞானி வீடியோ கால்ல 40 நிமிஷம் பேச ஒத்துக்கிட்டாங்க, அவங்க எந்த வழியா இந்த இடத்துக்கு வந்தாங்கங்கறதுதான் கட்டுரை, 22 கேள்வி ரெடியா இருக்கு. ஆனா இதுக்கு முன்னாடி வேற ஒருத்தரைப் பேட்டி எடுத்தப்ப "சின்ன வயசுலேயே ஆர்வம், கடின உழைப்பு, நல்ல குரு"ன்னு யார் போட்டோவை வேணா மேல வச்சு அச்சடிக்கலாங்கற மாதிரி சப்புன்னு வந்துருச்சு, இந்தத் தடவையும் அப்படி ஆயிடுமோன்னு பயம். கூடவே மூணு சந்தேகம்: சப்ஜெக்ட் சுத்தமா தெரியாதே, பெண் விஞ்ஞானிகிட்ட குடும்பத்தைப் பத்திக் கேக்கலாமா, கட்டுரையை முன்னாடியே காட்டச் சொல்றாங்களே காட்டணுமா.

முதல்ல அந்த லிஸ்ட். 40 நிமிஷத்துக்கு 22 கேள்வின்னா ஒண்ணுக்கு ரெண்டு நிமிஷம்கூட வராது, அது பேட்டி இல்ல, ஃபார்ம் ஃபில் பண்றது. ஏழு கேள்வி போதும், மிச்ச நேரம் பூரா அவங்க சொன்னதுலேருந்து நீங்க பிடிச்சுக்கிட்டு கேக்கற "அப்புறம் என்னாச்சு"வுக்குத்தான். அடிக்க வேண்டிய முதல் ஆளு உங்க முதல் கேள்வியேதான், "விஞ்ஞானி ஆகணும்னு எப்போ முடிவு பண்ணீங்க". தப்பான கேள்வின்னு சொல்லல. அதுக்கு அவங்ககிட்ட பதில் எப்பவோ தயாரா இருக்கு, பரிசளிப்பு மேடையில சொல்லியிருப்பாங்க, ஸ்கூல் பசங்ககிட்ட சொல்லியிருப்பாங்க, சொல்லிச் சொல்லி அதுல இருந்த மேடு பள்ளமெல்லாம் போயிருக்கும், நீங்க கேட்டதும் அதையேதான் திரும்ப ஒப்பிப்பாங்க. பொய் சொல்றாங்கன்னு இல்ல. ஒரு பாதையைத் திரும்பிப் பார்த்துச் சொல்றப்ப அது நேரா தெரியும், யாருக்கா இருந்தாலும் அப்படித்தான். கெமிஸ்ட் கெக்குலே, பென்சீன்ங்கற மூலக்கூறு வளைய வடிவம்னு எழுதினது 1865ல, பாம்பு தன் வாலைக் கடிச்சுக்கற கனவுலேருந்துதான் அந்த யோசனை வந்துச்சுன்னு அவர் மேடையில சொன்னது 1890ல, 25 வருஷம் கழிச்சு, அவரைக் கொண்டாட வச்ச விழாவுல. அந்தக் கனவு நெஜமாவே வந்துச்சா இல்லையான்னு வரலாற்று ஆளுங்க இன்னிக்கும் அடிச்சுக்கறாங்க. நல்ல கதை, ஆனா ஒரு விஞ்ஞானி தினம் தினம் என்ன பண்ணாருங்கறதுக்கு அதுல ஒரு துப்பும் கிடையாது.

நீங்க தேட வேண்டியது பாதை பிரியற இடங்களை. இந்தப் பக்கம் போயிருக்கலாம், அந்தப் பக்கம் போனாங்க, ஏன், அப்ப கையில என்ன இருந்துச்சு, யார் என்ன சொன்னாங்க, அடுத்த மாசச் சம்பளம் எங்கேருந்து வந்துச்சு. கேத்தலின் கரிகோவை எடுத்துக்கங்க, எம்ஆர்என்ஏ தடுப்பூசிக்கு வழி போட்ட ஆராய்ச்சிக்காக 2023ல நோபல் வாங்கினவங்க. அவங்ககிட்ட "விடாமுயற்சியைப் பத்திச் சொல்லுங்க"ன்னு கேட்டா விடாமுயற்சியைப் பத்தி ஒரு பிரசங்கம் கிடைக்கும், அவ்ளோதான். ஆனா அவங்க வாழ்க்கையில நடந்தது ரொம்ப ஸ்தூலமான விஷயங்க. கிராண்ட், அதாவது ஆராய்ச்சிக்கான நிதி, கிடைக்கலன்னு 1995ல பென்சில்வேனியா யுனிவர்சிட்டியில பதவியை இறக்கினாங்க. ஆரம்பத்துல எலியட் பர்னாதன்ங்கற இதய டாக்டரோட சேர்ந்து வேலை பார்த்தாங்க, அவர் கம்பெனி வேலைக்குக் கிளம்பிட்டாரு, அப்புறம் டேவிட் லேங்கர்ங்கற இளம் டாக்டர் நியூரோசர்ஜரி டிபார்ட்மென்ட்ல பேசி இவங்களுக்கு இடம் வாங்கிக் குடுத்தாரு. அதே யுனிவர்சிட்டியில நோய் எதிர்ப்பு ஆராய்ச்சி பண்ணிட்டிருந்த ட்ரூ வைஸ்மனைப் பழக்கமானது ஜெராக்ஸ் மெஷின் பக்கத்துல. ரெண்டு பேரும் சேர்ந்து அந்த முக்கியமான ஆராய்ச்சிப் பேப்பரைப் போட்டது 2005ல, அப்பக்கூட பெருசா யாரும் திரும்பிப் பார்க்கல, 2013ல பயோன்டெக் கம்பெனிக்குப் போயிட்டாங்க. இப்ப சொல்லுங்க, "விடாமுயற்சி"ங்கற ஒத்தை வார்த்தையில எது தெரியுது? ஒரு டிபார்ட்மென்ட் கதவு சாத்தினா இன்னொரு டிபார்ட்மென்ட்ல தெரிஞ்ச ஒருத்தர் இருந்தாரு, அதனாலதான் அந்த லேப் பெஞ்சு மிஞ்சுச்சு. ஆராய்ச்சிக்கு வரலாமான்னு யோசிக்கற உங்க வாசகருக்கு இதுல விஷயம் இருக்கு.

இதெல்லாம் கேக்கணும்னா பாதை எங்க பிரிஞ்சுதுன்னு பேட்டிக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும், அதுக்கு சப்ஜெக்ட் அறிவை விட அவங்க சிவி முக்கியம். லேப் வெப்சைட்லேருந்து சிவியும் பப்ளிகேஷன் லிஸ்ட்டும் எடுத்து பிரிண்ட் போட்டு பேனாவோட உக்காருங்க. செல் பயாலஜியில பேப்பர்ல முதல் பேரு பெரும்பாலும் பெஞ்சுல நின்னு வேலை பார்த்தவரோடது, கடைசிப் பேரு லேப் ஹெட்டோடது. அதனால அவங்க பேரு லிஸ்ட்ல எந்த வருஷம் முதல் இடத்துலேருந்து கடைசி இடத்துக்கு நகருதுன்னு பாருங்க, அந்த வருஷத்தை ஒட்டித்தான் அவங்க சொந்த லேப் ஆரம்பிச்சிருப்பாங்க. நடுவுல ரெண்டு வருஷம் பேப்பரே இல்லையா, அங்க ஒரு வட்டம் போடுங்க. லேப் மாறினதும் டாப்பிக் மாறியிருக்கா, இன்னொரு வட்டம். திடீர்னு கூட எழுதறவங்க பேரெல்லாம் புதுசா இருக்கா, அங்கயும். பேப்பர் கடைசியில நன்றி சொல்ற பகுதியில எந்த கிராண்ட்னு போட்டிருக்கும், பி.எச்.டி. தீசிஸ் நெட்ல கிடைச்சா அதோட நன்றியுரையை மட்டுமாவது படிங்க, மனுஷங்க அங்கதான் தெரிவாங்க. (இந்தப் பேரு வரிசைக் கணக்கு எல்லாத் துறைக்கும் செல்லாது. கணக்குல அகர வரிசைதான். பார்ட்டிகிள் பிசிக்ஸ்ல 2015ல ஹிக்ஸ் போசான்ங்கற துகளோட நிறையை அளந்து ஒரு பேப்பர் வந்துச்சு, அதுல 5,154 பேரு, அங்க போய் முதல் பேரு யாருன்னு பார்த்து ஒண்ணும் ஆகப்போறதில்ல.)

இப்படி வட்டம் போட்ட நாலஞ்சு இடம்தான் உங்க கேள்வி. வெங்கி ராமகிருஷ்ணன் சிவியை இந்த மாதிரி பார்த்தீங்கன்னா 1976ல வட்டம் விழும்: அந்த வருஷம் பிசிக்ஸ்ல பி.எச்.டி. முடிச்ச கையோட பயாலஜி படிக்க மறுபடி மாணவரா போய்ச் சேர்ந்துட்டாரு. பட்டம் வாங்கின ஒரு டாக்டர், திரும்ப கிளாஸ்ல போய் உக்கார்றாரு. அப்புறம் 1991ல இன்னொண்ணு, சபாட்டிகல்ங்கற நீண்ட ஆராய்ச்சி விடுப்பு எடுத்துக்கிட்டு கேம்பிரிட்ஜ் போய், படிகத்துல எக்ஸ் கதிர் பாய்ச்சி மூலக்கூறோட வடிவத்தைக் கண்டுபிடிக்கற கிரிஸ்டலோகிராஃபி கத்துக்கறாரு, அதை வச்சுத்தான் பின்னாடி செல்லுக்குள்ள புரோட்டீன் தயாரிக்கற ரைபோசோமோட அமைப்பைக் கண்டுபிடிச்சு 2009ல நோபல். அவர்கிட்ட "பயாலஜி மேல எப்படி ஆர்வம் வந்துச்சு"ன்னு கேக்கறதுக்கும், "1976ல மறுபடி மாணவரா போனீங்களே, முதல் வாரம் கிளாஸ்ல யார் பக்கத்துல உக்காந்தீங்க, கூடப் படிச்சவங்களை விட வயசு கூடவா, ஸ்டைபண்ட் எவ்ளோ குறைஞ்சுது"ன்னு கேக்கறதுக்கும் எவ்ளோ வித்தியாசம் பாருங்க. ஏன்னு கேட்டா கொள்கை வரும். எப்ப, எங்க, யாரு கூடன்னு கேட்டா நடந்தது வரும், ஏங்கறது அதுக்குள்ளேயே இருக்கும்.

சப்ஜெக்ட் தெரியாதேங்கற பயத்தை விடுங்க. அவங்களோட சமீபத்துப் பேப்பர் ஒண்ணை எடுத்து சுருக்கத்தையும் முன்னுரையையும் மட்டும் படிங்க, புரியாத வார்த்தையெல்லாம் தேடுங்க, அப்புறம் உங்க சொந்த வாக்கியத்துல மூணு வரி எழுதி வச்சுக்கங்க. பேட்டியில "நான் புரிஞ்சுக்கிட்டது இது, எங்க தப்புன்னு சொல்லுங்க"ன்னு அதை வாசிச்சுக் காட்டுங்க. விஞ்ஞானிங்களுக்கு தப்பைத் திருத்தறதுன்னா ஒரு தனி சந்தோஷம், ஆர்வமா வந்து உக்காந்துருவாங்க. "உங்க ஆராய்ச்சியை எளிமையா விளக்குங்க"ன்னு மொட்டையா கேட்டீங்கன்னா பிரஸ் ரிலீஸ்ல இருக்கறதையே சொல்லிட்டுப் போயிருவாங்க. புரியாதப்ப தலையாட்டாதீங்க, அது மட்டும் வேண்டாம், அப்புறம் எழுதறப்ப மாட்டிக்குவீங்க.

பேச்சை ஆரம்பிக்கறதுக்கு நான் எப்பவும் சொல்ற கேள்வி, "நேத்து லேப்புக்கு வந்ததும் முதல்ல என்ன பண்ணீங்க". சாதாரணமா இருக்கேன்னு நினைக்காதீங்க. லேப் ஹெட்டா இருக்கறவங்க பாதி பேரு மைக்ரோஸ்கோப்னு சொல்ல மாட்டாங்க, கிராண்ட் பட்ஜெட் எக்செல்ல உக்காந்தேன், ஸ்டூடண்ட் பேப்பர் திருத்தினேன், ஃப்ரீசர் ரிப்பேர்க்கு ஆள் தேடினேன்னுதான் சொல்வாங்க. அங்கேருந்து நேரா "கடைசியா உங்க கையால ஒரு எக்ஸ்பெரிமென்ட் பண்ணது எப்ப"ன்னு கேளுங்க. இதைத்தான் நான் பொக்கிஷக் கேள்விம்பேன். பெஞ்சுல நிக்கறது பிடிச்சுப் போய் இந்த வேலைக்கு வந்தவங்களுக்கு, பதவி ஏற ஏற பெஞ்சு கையை விட்டுப் போயிடும், சிலருக்கு அதுல ஏக்கம், சிலருக்கு அப்பாடான்னு நிம்மதி, எதுவா இருந்தாலும் அது மேடையில சொல்லாத பதிலாத்தான் இருக்கும். சிலர் எழுந்து போய் பழைய லேப் நோட்டையே எடுத்துட்டு வருவாங்க. வந்தா விடாதீங்க, கேமரா முன்னாடி ஒரு பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்க, தேதி, அடிச்சுத் திருத்தினது, ஓரத்துல "மறுபடி கண்டாமினேஷன்"னு கடுப்புல கிறுக்கினது, ஒட்டி வச்ச ஜெல் போட்டோ, அந்தப் பக்கத்தை அப்படியே நாலு வரியில எழுதினாலே கட்டுரைக்கு உயிர் வந்துரும்.

பணம் பத்திக் கேக்கக் கூச்சப்படாதீங்க, ஆனா இன்னிக்குச் சம்பளம் எவ்வளவுன்னு கேக்காதீங்க, அது அவங்களுக்கும் சங்கடம், படிக்கறவங்களுக்கும் உபயோகம் இல்ல. பி.எச்.டி. முடிஞ்சு நிரந்தர வேலை கிடைக்கற வரைக்கும் நடுவுல போஸ்ட்டாக்னு ஒரு காலம் இருக்கு, ரெண்டு வருஷம் மூணு வருஷம்னு கான்ட்ராக்ட், முடிஞ்சா அடுத்த லேப், சில சமயம் அடுத்த நாடு. அந்தக் காலத்தை எப்படி ஓட்டினீங்க, கான்ட்ராக்ட் முடிய ஆறு மாசம் இருக்கறப்ப என்ன பண்ணிட்டிருந்தீங்கன்னு கேளுங்க. தோல்வியைப் பத்திக் கேக்கறதும் அப்படித்தான், "தோல்விகளை எப்படி எதிர்கொண்டீங்க"ன்னா தத்துவம்தான் வரும், "கிடைக்காமப் போன வேலை ஒண்ணு சொல்லுங்க, நெஜமாவே ஆசைப்பட்டது"ன்னு கேளுங்க. மெலனி ஸ்டெஃபன்ங்கற ஆராய்ச்சியாளர் 2010ல நேச்சர் இதழ்ல, எல்லாரும் தோல்விகளுக்குன்னு தனியா ஒரு சிவி எழுதி வைக்கணும்னு எழுதினாங்க, 2016ல பிரின்ஸ்டன் பேராசிரியர் யோஹன்னஸ் ஹவுஸ்ஹோஃபர் தன்னோடதை அப்படியே வெளியிட்டாரு, கிடைக்காத அட்மிஷன், கிடைக்காத வேலை, திருப்பி அனுப்பின பேப்பர் எல்லாம் வரிசையா. உங்க விஞ்ஞானிகிட்ட இதைச் சொல்லி, உங்க தோல்வி சிவியில மேல இருக்கற மூணு வரி என்னன்னு கேட்டுப் பாருங்க. அதோட இன்னொண்ணு, யாரும் கேக்க மாட்டாங்க: உங்க கூட பி.எச்.டி. பண்ணவங்க எல்லாம் இப்ப எங்க இருக்காங்க? ஒருத்தர் மருந்துக் கம்பெனியில, ஒருத்தர் பேட்டன்ட் ஆபீஸ்ல, ஒருத்தர் டீச்சரா, ஒருத்தர் டேட்டா வேலையில. ஜெயிச்சு லேப் வச்சவங்களை மட்டும் பேட்டி எடுத்துக்கிட்டே இருந்தா எல்லாப் பாதையும் லேப்லதான் முடியும்னு உங்க வாசகர் நம்பிடுவாரு, அது நெஜம் இல்ல.

குடும்பம் பத்தின கேள்விக்கு வரேன், இதைக் கேட்டு எழுதினதுக்கே உங்களைப் பாராட்டணும். ஜோசலின் பெல் பர்னெல் 1967ல ஆராய்ச்சி மாணவியா இருக்கறப்ப, பல்சர்ங்கற, விட்டு விட்டுத் துடிக்கற மாதிரி ரேடியோ அலை அனுப்பற நட்சத்திரத்தோட சிக்னலை முதல்ல கவனிச்சவங்க. பத்திரிகைக்காரங்க வந்தப்ப இதோட வானியல் முக்கியத்துவம் என்னன்னு அவங்க கைடு ஆண்டனி ஹியூயிஷ்கிட்ட கேட்டாங்க, இவங்ககிட்ட எத்தனை பாய்ஃபிரெண்டு, முடி என்ன கலர்னு கேட்டாங்க. இதை அவங்களே பல மேடையில சொல்லியிருக்காங்க. 1974 நோபல் ஹியூயிஷுக்கும் மார்ட்டின் ரைலுக்கும் போச்சு, இவங்களுக்கு இல்ல. இதைப் படிச்சுட்டு "சரி, அப்ப குடும்பத்தைப் பத்தி வாயே திறக்கக் கூடாது"ன்னு நீங்க முடிவு பண்ணினா அதுவும் சரியில்ல, ஏன்னா அவங்க கரியரைப் பாருங்க: சவுத்தாம்ப்டன்ல காமா கதிர், அப்புறம் மல்லார்ட் விண்வெளி ஆய்வகத்துல எக்ஸ் கதிர், அப்புறம் எடின்பர்க்ல அகச்சிவப்பு. ஏன் இப்படி அலைவரிசை அலைவரிசையா மாறினாங்கன்னா, கணவருக்கு வேலை மாறற ஊருக்கெல்லாம் கூடப் போனாங்க, பையனை வளர்த்துக்கிட்டு பல வருஷம் பார்ட் டைம் வேலை பார்த்தாங்க. குடும்பத்தை எடுத்துட்டா அந்தப் பாதையே புரியாது. அதனால விதி இதுதான்: வேலையை மாத்தின விஷயம்னா கேளுங்க, ஆண் விஞ்ஞானியா இருந்தா கேப்பீங்களான்னு யோசிச்சுட்டுக் கேளுங்க, கேக்கறப்ப "வீட்டையும் வேலையையும் எப்படி சமாளிக்கறீங்க"ன்னு கேக்காம "இந்த ஊருக்கு மாறினது யாரோட வேலைக்காக"ன்னு கேளுங்க. ஒரு ஆண் விஞ்ஞானிகிட்ட இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்க, பல தடவை அவர் மனைவி விட்டுட்டு வந்த வேலை ஒண்ணு வெளிய வரும், அதுவும் அவர் கரியர் கதைதானே.

இப்ப டிராஃப்ட். முழுக் கட்டுரையையும் அனுப்பி ஓகே வாங்கற பழக்கம் வேண்டாம், அப்படி அனுப்பினா நல்லா இருக்கற ரெண்டு வரிதான் முதல்ல வெட்டுப்படும், அதுலயும் இன்ஸ்டிட்யூட் பிஆர்ஓ கைக்குப் போச்சுன்னா முடிஞ்சுது. ஆனா ஒண்ணுமே காட்ட மாட்டேன்னு வீம்பும் வேண்டாம். அறிவியலை விளக்கற பத்திகளையும், வருஷம், பதவி, லேப் பேரு மாதிரி விவரங்களையும் அனுப்பி தப்பு இருந்தா சொல்லச் சொல்லுங்க, அவங்க பேச்சை அப்படியே மேற்கோளா போடற இடங்களையும் வேணா காட்டுங்க, விவரத்தை மட்டும் திருத்தலாம்னு சொல்லிட்டு. இந்த ஏற்பாட்டை பேட்டிக்கு முன்னாடி மெயில்லயே எழுதிருங்க. "இது வெளிய வேண்டாம்"ங்கற பேச்சும் அப்படியே, சொல்றதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாத்தான் அது செல்லும், சொல்லி முடிச்சதுக்கு அப்புறம் வேண்டாம்னா நியாயமா நீங்க கட்டுப்பட வேண்டியதில்ல. ஆனா உங்க பேட்டி ஊழல் விசாரணை இல்லையே, அவங்க மனசு மாறினா விட்டுக்குடுங்க. நடுவுல திடீர்னு பேச்சைக் குறைச்சா கோபம்னு நினைக்காதீங்க, வெளியாகாத ரிசல்ட்டா இருக்கும், இல்ல பேட்டன்ட் போடப் போறாங்களா இருக்கும். விண்ணப்பிக்கறதுக்கு முன்னாடி விஷயம் பொதுவுல வந்துட்டா பல நாடுகள்ல புதுசுங்கற தகுதியே போயிடும், அமெரிக்கா மாதிரி சில நாடுகள்லதான் ஒரு வருஷம் அவகாசம் உண்டு, அதனால அந்தப் பயம் நியாயமானது.

ரெக்கார்டிங் பத்தி அதிகம் சொல்ல ஒண்ணும் இல்ல, ரெக்கார்ட் ஆன் பண்ணதும் அனுமதி கேட்டு அந்த சம்மதமும் பதிவாகற மாதிரி பாத்துக்கங்க, ரெண்டு டிவைஸ்ல எடுங்க, தானா எழுத்தாக்கற சாஃப்ட்வேரை நம்பி மேற்கோள் போடாதீங்க, புரோட்டீன் பேரையெல்லாம் கொதறி வைக்கும், சொல்லாத வார்த்தையைக்கூட சேர்த்துடும். அதை விட முக்கியம் அவங்க பதிலை முடிச்சதும் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாம இருக்கறது. மனசுக்குள்ள அஞ்சு எண்ணுங்க. வீடியோ கால்ல அந்த அமைதி ரொம்ப நீளமா தெரியும், வயித்தைப் புரட்டும், பரவால்ல. முதல்ல வர்றது ரெடிமேட் பதில், அந்த அமைதியை நிரப்ப அவங்க கூடச் சேர்த்துச் சொல்ற வாக்கியம்தான் பல தடவை நமக்கு வேண்டியது.

40 நிமிஷத்துல எல்லாம் வந்துராது, வரணும்னு எதிர்பாக்கவும் வேண்டாம். குவாண்டம் பிசிக்ஸ் வரலாற்றுக்காக அறிவியல் வரலாற்று ஆய்வாளர் தாமஸ் கூனும் அவர் ஆளுங்களும் நீல்ஸ் போர்ங்கற இயற்பியல் மேதையைப் பேட்டி எடுத்தப்ப 1962 அக்டோபர் 31லேருந்து நவம்பர் 17 வரைக்கும் அஞ்சு தடவை உக்காந்தாங்க, அப்பவும் முடியல, மறுநாள் போர் இறந்துட்டாரு. உங்களுக்கு அவ்ளோ வேண்டாம். கால் முடியறதுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கறப்ப, எழுதறப்ப சந்தேகம் வந்தா ஒரு வாரம் கழிச்சு 15 நிமிஷம் பேசலாமான்னு கேட்டு தேதியை அப்பவே வாங்கிருங்க, பெரும்பாலும் சரின்னுதான் சொல்வாங்க. கூடவே, அந்தக் காலத்துல உங்களைப் பக்கத்துலேருந்து பார்த்தவங்க ஒருத்தர் பேரு குடுங்கன்னும் கேளுங்க, பழைய லேப்மேட்டோ, முதல் ஸ்டூடண்டோ. அவங்ககிட்ட பத்து நிமிஷம் பேசினீங்கன்னா போதும், ரெண்டு கதையும் ஒத்துப் போகாத இடம் ஒண்ணு கண்டிப்பா கிடைக்கும். அந்த ரெண்டாவது கால்ல முதல்ல கேக்க வேண்டியது அதைத்தான்.